பேச்சியம்மா கடைச் சாயம்

அத்திமுக்கு பஸ் நிறுத்தத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. பந்தலூரிலிருந்து சேரம்பாடிக்குப் போகிற எல்லா பஸ்ஸும் அங்கே நிற்கும். பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் எல்லாரும் அந்தப் பலகையைப் படிப்பார்கள். படிக்காமல் தப்பிக்க முடியாது. மழைக்கு ஒதுங்க ஊரில் வேறு இடம் இல்லை. அந்த ஊர் மழைக்கோ நிற்கிற பழக்கமே இல்லை.

வியாபாரிகள் சங்கம் மாட்டிய பலகை அது. 'அத்திமுக்குச் செய்திகள்' என்று மேலே வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலைதோறும் பள்ளிப் பிள்ளை ஒருவர் அந்த வாரச் செய்திகளை அதில் எழுத வேண்டும். இந்த மாதம் அந்த வேலை ஆறாம் வகுப்பு ரேகாவுக்குக் கிடைத்தது.

ரேகாவுக்குத் தலைகால் புரியவில்லை. பையில் வைத்தால் உடைந்துவிடும் என்று சொல்லி, சாக்பீஸ் டப்பாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தாள். 'அது என்ன?' என்று யாராவது கேட்க மாட்டார்களா என்பதுதான் உண்மையான காரணம்.

முதல் செய்தி சுலபமாகக் கிடைத்தது. தேயிலைத் தோட்டத்து இரண்டாம் நம்பர் பாதையில் யானை வந்திருந்தது. இரண்டாவது செய்தி மோசஸ் அண்ணனின் சலூனில் கிடைத்தது. அங்கே புது நாற்காலி வந்திருந்தது. அது சுற்றும். ரேகா மூன்று முறை சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

மூன்றாவது செய்திக்கு எங்கே போவது? அவள் நேரே பெரியம்மாவின் டீக்கடைக்குப் போனாள்.

ரேகாவின் அம்மாவுக்கு அக்காதான் பேச்சியம்மா. அவருடைய கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. அன்று கடை வாசலில் பெரிய செம்பு பாய்லர் ஒன்று முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. பெரியம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப் பெரியம்மா இவ்ளோ பெரிய பாய்லர்?"

"ஞாயித்துக்கெழம சங்கத்தோட ஆண்டு விழா இல்லையா? வருசா வருசம் டவுன்லருந்துதான் ஜீப்புல டீ வரும். இந்த வருசம் நம்ம கடையிலதான் போடணும்னு சொல்லிட்டாங்க. ஊருக்கே என் கையால டீ." பெரியம்மா அதைச் சாதாரணமாகச் சொல்லத்தான் பார்த்தார். ஆனால் முகம் பாய்லரைவிட அதிகமாகப் பளபளத்தது.

"நான் உங்களுக்கு டீ போடட்டுமா?" என்று ரேகா கேட்டாள். ஒரு சட்டியில் தண்ணீர் பிடித்து, தூளைப் போட்டு, அடுப்பைப் பற்ற வைக்காமலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"பச்சத் தண்ணியில போட்டுட்டுப் பாத்துக்கிட்டே நின்னா சாயம் எறங்குமா புள்ள? சூடு பட்டாத்தான் எறங்கும்" என்றார் பெரியம்மா.

பேச்சியம்மாவின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். அவர்களோடு சில சொற்களும் கப்பலேறி வந்துவிட்டன. கொதிக்கிற தண்ணீரில் தேயிலைத் தூளிலிருந்து இறங்குகிற சிவந்த சாற்றுக்கு அவர்கள் வீட்டில் 'சாயம்' என்று பெயர். பால் கலக்காத டீயும் சாயம்தான். காலையில் எழுந்ததும் ரேகாவின் அம்மா கேட்கிற முதல் கேள்வியே, "சாயம் குடிச்சியா?" என்பதுதான். டீ திடமாக, மணமாக இருந்தால் 'சாயம் கூட', அதாவது சாயம் அதிகம், என்பார்கள். அவர்கள் வீட்டில் ஒரு டீயை அதற்குமேல் பாராட்ட முடியாது.

ரேகா பலகைக்கு முன்னால் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்துகள் சாயாமல் எழுதினாள்.

'1. இரண்டாம் நம்பர் பாதையில் யானை. மாலைக்குமேல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2. மோசஸ் அண்ணன் சலூனில் புது நாற்காலி. சுற்றும்.

3. பேச்சியம்மா டீக்கடையில் சாயம் கூட. வேறு எந்தக் கடையிலும் இவ்வளவு சாயம் கிடையாது.'

பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். அவளுக்கே அவளைப் பாராட்ட வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை காலை ரேகா பெரியம்மா கடைக்குப் போனபோது பெஞ்சு காலியாக இருந்தது. அந்த நேரத்தில் அங்கே உட்கார இடம் கிடைப்பதே கஷ்டம். லயத்து ஆட்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்காரர்கள், இரண்டு பேர் மட்டும் நின்று குடித்துவிட்டுப் போனார்கள்.

"மழை பாரு, அதான் கூட்டம் இல்ல" என்றார் பெரியம்மா. மழை நேற்றும் பெய்தது. நேற்று கூட்டம் இருந்தது.

அப்போது பிரீத்தி குடையோடு ஓடி வந்தாள். பிரீத்தியும் ரேகாவும் ஒரே வகுப்பு. பிரீத்தியின் அப்பா தங்கவேலு கோயமுத்தூர் பக்கத்துக்காரர். கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வியாபாரிகள் சங்கத் தலைவரும் அவர்தான்.

பிரீத்தி ரேகாவைக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் ரேகா, உங்க பெரியம்மா டீயில சாயம் கலக்கறாங்களா?"

"கலக்கறதா? டீன்னாலே சாயம்தான?"

"என்ன பேசற நீ? சாயம்னா துணிக்குப் போடறது. போன மாசம் எங்கியோ டீத்தூள்ல சாயம் கலந்தாங்கன்னு புடிச்சாங்களே, பேப்பர்ல வந்துச்சே. யாரோ உன் போர்டைப் போட்டோ எடுத்து சங்கத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டாங்க. எங்க ஊட்ல காலைலருந்து இதே பேச்சு."

ரேகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது. 'வேறு எந்தக் கடையிலும் இவ்வளவு சாயம் கிடையாது' என்று எழுதியது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரே ஓட்டமாக ஓடிப்போய் மூன்றாவது செய்தியை உள்ளங்கையால் அழித்தாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. மதியத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு படம் வந்துவிட்டது. 'அவசர அவசரமாக அழித்திருக்கிறார்கள். அப்படியானால் விஷயம் உண்மைதான்' என்று அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்.

பிற்பகலில் தங்கவேலுவே டீக்கடைக்கு வந்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்ல அவருக்கு வரவே வராது. குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

"ஏனுங்க அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்கு டீ இந்த ஒரு தடவ டவுன்லருந்தே வரட்டுமுங்க. ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க."

"என்னன்னு பேசறாங்க?"

"தூளப் பத்தித்தானுங்க" என்று குடையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ரேகா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மா திட்டவில்லை. "நம்ம பேச்சு நமக்குத்தான் வெளங்குது போல" என்றார். "நீங்க போய் விளக்கிச் சொல்லுங்க பெரியம்மா" என்று ரேகா கெஞ்சினாள்.

"நான் சொன்னா, தப்பு பண்ணினவ சமாளிக்கிறாம்பாங்க. விடு."

பிறகு பழைய சேலை ஒன்றை எடுத்து அந்தப் பெரிய பாய்லரை மூடினார். அதைத்தான் ரேகாவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவ்வளவு பெருமையாகத் தேய்த்த பாய்லர், ஓரமாக உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் குழாயடியில் முகம் கழுவினாள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. பச்சைத் தண்ணீர். 'பச்சத் தண்ணியில சாயம் எறங்குமா புள்ள?' என்ற குரல் காதில் கேட்டது.

ரேகா முகத்தைக்கூடத் துடைக்காமல் பிரீத்தி வீட்டுக்கு ஓடினாள்.

"பிரீத்தி, உங்க கடையில காவிப்பொடி இருக்கா? தரைக்குப் போடறது?"

"மூட்டை மூட்டையா இருக்கு. எதுக்கு?"

"ஒரு சிட்டிகை வேணும். போர்டு வேலைக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பஸ் நிறுத்தத்தில்தான் நின்றார்கள். சங்கக் கட்டடத்தை இன்னும் திறக்கவில்லை, மழை தூறியது. பலகைக்குக் கீழே ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள், இரண்டிலும் குழாய்த் தண்ணீர். பக்கத்தில் ரேகாவும் பிரீத்தியும் நின்றார்கள்.

பலகையில் மூன்றாவது செய்தி இருந்த இடத்தில், 'திருத்தம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"என்ன கண்ணு திருத்தம்? கீழ ஒண்ணுமே காணோமே?" என்று கேட்டார் தங்கவேலு.

"எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க மாமா. அதான் காட்டலாம்னு." ரேகா டம்ளர்களைக் காட்டினாள். "பெரியம்மா கடையில போய் ஒரு ஸ்பூன் டீத்தூள் வாங்கிட்டு வர்றீங்களா? நான் எடுத்துட்டு வந்தா, வேற தூள்னு சொல்லுவாங்க. நீங்களே டப்பாவுல கைய விட்டு எடுங்க."

தங்கவேலு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் சாலையைக் கடந்து போனார். பேச்சியம்மா டப்பாவை நீட்டினார். தங்கவேலு ஒரு ஸ்பூன் தூளோடு திரும்பி வந்தார். பேச்சியம்மாவும் கடை வாசலுக்கு வந்து நின்றார்.

"முதல் டம்ளர்ல போடுங்க மாமா. பிரீத்தி, இன்னொண்ணுல காவியப் போடு."

காவிப்பொடி விழுந்ததும் இரண்டாவது டம்ளர் ஒரே செக்கச்செவேல் என்று ஆனது. முதல் டம்ளரில் டீத்தூள் கொஞ்சம் மிதந்தது, கொஞ்சம் கீழே இறங்கியது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"கலப்படத் தூளா இருந்தா பச்சத் தண்ணியிலயே உடனே கலர் போகும். நல்ல தூளுக்குச் சூடு வேணும். இல்லேன்னா ரொம்ப நேரம் ஊறணும்" என்றாள் ரேகா.

மோசஸ் அண்ணன் குனிந்து டம்ளரைப் பார்த்தார். "அது சரி. அப்புறம் ஏன் பாப்பா சாயம் கூடன்னு எழுதின?"

"எங்க வீட்ல டீக்குப் பேரே சாயம்தான் அண்ணா. எங்க தாத்தா காலத்துலருந்து அப்படித்தான் சொல்றோம். சாயம் கூடன்னா ஸ்ட்ராங்கான, நல்ல டீ. நான் பெரியம்மாவப் பாராட்டித்தான் எழுதினேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "எங்க லயத்துலயும் அப்படித்தான் சொல்லுவோம்." இன்னும் நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்கள் எல்லாரும் பலகையை வெள்ளிக்கிழமையே படித்தவர்கள். அதில் ஒரு தப்பும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

பிரீத்தி சிவந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யோசித்து யோசித்துச் சொன்னாள்: "அப்படிப் பாத்தா, இந்தக் கடைத்தெருவுலயே சாயம் விக்கறது நம்ம கடை மட்டுந்தானுங்கப்பா."

முதலில் மோசஸ் அண்ணன் சிரித்தார். அப்புறம் பஸ் நிறுத்தமே சிரித்தது. கடைசியாகச் சிரித்தவர் தங்கவேலு. ஆனால் அவர்தான் ரொம்ப நேரம் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் போனை எடுத்து டவுனுக்குப் பேசினார். "இன்னிக்கு டீ வேண்டாமுங்க. எங்க ஊர்லயே இருக்குதுங்க." பிறகு சாலையைக் கடந்து கடைக்குள் போய், பாய்லர் மேலிருந்த சேலையைத் தன் கையாலேயே எடுத்து மடித்து வைத்தார்.

"அக்கா, ஒரு வார்த்த உங்களக் கேட்டிருக்கோணும். கேக்காம உட்டது என் தப்புங்க. பாய்லரப் பத்த வைங்க."

பேச்சியம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "டீ எப்படிங்க வேணும்?"

தங்கவேலு தொண்டையைச் செருமினார். அந்தச் சொல்லை அவர் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"சாயம் கூடப் போடுங்க அக்கா."

அன்று விழாவில் தலைவர் உரையை யாரும் சரியாகக் கேட்கவில்லை என்பது உண்மை. எல்லாரும் இன்னொரு டம்ளர் டீக்காக வரிசையில் நின்றார்கள். பெரியம்மா ஒவ்வொருவரிடமும் "சாயம் கூடவா, கொறச்சலா?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றினார். குறைச்சல் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேண்டுமென்றே பாய்லருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, 'இவங்க என் பெரியம்மா' என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள் ரேகா.

அடுத்த வெள்ளிக்கிழமை ரேகா மறுபடியும் சாக்பீஸ் டப்பாவோடு பலகைக்கு வந்தாள். யானை திரும்பிப் போய்விட்டது. மோசஸ் அண்ணனின் நாற்காலி இப்போது ஒரு பக்கம் மட்டும்தான் சுற்றுகிறது. பிள்ளைகள் அளவுக்கு மீறிச் சுற்றிவிட்டார்கள். அவற்றை எழுதிவிட்டு, மூன்றாவது செய்தியை நன்றாக யோசித்து எழுதினாள்.

'3. நம் ஊரில் இரண்டு கடைகளில் நல்ல சாயம் கிடைக்கும். தரைக்குப் போடுவது தங்கவேலு ஹார்டுவேர்ஸில். குடிப்பது பேச்சியம்மா டீக்கடையில். மாற்றி வாங்கிவிடாதீர்கள்.'

இந்த முறை அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டவர் தங்கவேலுதான்.