அம்மாவுக்கு எட்டாத வாசனை

போன வருடம் வந்த காய்ச்சல், போகும்போது அம்மாவின் மூக்குக்குத் தெரிந்த வாசனைகளையெல்லாம் கையோடு கொண்டுபோய்விட்டது. "திரும்பினாலும் திரும்பும்" என்றார் டாக்டர். திரும்பவில்லை.

தம்பி பிறக்கும்வரை வீட்டுக்கே சின்னவளாக இருந்ததால் 'கடுகு' என்று பெயர் வாங்கியவள், அன்று பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தாள். குப்பென்று அழுகிய முட்டை நாற்றம். தம்பிப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா அடுப்பின் முன் நின்றாள். கையில் லைட்டர்.

"அம்மா, பத்த வைக்காத. கேஸ் கசியுது."

அம்மாவின் கை அப்படியே நின்றது. "எனக்கு ஒண்ணும் தெரியலையேடி."

லைட்டரை வைத்துவிட்டு மின்விசிறி சுவிட்சுக்குக் கை நீட்டினாள்.

"அதையும் தொடாதம்மா. பொறி வரும்."

கடுகு ரெகுலேட்டரை மூடினாள். ஜன்னல்களைத் திறந்தாள். இருவரையும் வெளியே கூட்டி வந்த பிறகே போன் செய்தாள்.

கேஸ் மெக்கானிக் வந்து, விரிசல் விட்டிருந்த ரப்பர் குழாயை மாற்றினார். கடுகு தடுத்ததை அம்மா அவரிடம் சொன்னாள்.

"கடுகுன்னு சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க" என்றார். "கேஸுக்குச் சொந்த வாசனையே கிடையாது பாப்பா. மெர்காப்டன்னு ஒண்ணு, கந்தகம் சேர்ந்த ரசாயனம். கசிஞ்சா தெரியட்டும்னு அதைத் துளியூண்டு கலப்பாங்க."

"வேணும்னே நாத்தத்தைக் கலக்குறாங்களா?"

"பூ வாசனையைக் கலந்தா, ஆகான்னு ரசிச்சுக்கிட்டு உக்காந்துடுவோமே."

கடுகு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அம்மா தரையில் உட்கார்ந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"பயந்துட்டியாம்மா? கேஸ் கசிஞ்சா கத்துற கருவி இருக்காம். ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்."

"அது இல்லடி." அம்மா பாப்பாவின் தலையில் மூக்கை வைத்தாள். "இவன் வயித்துல இருக்கும்போது வந்த காய்ச்சல். இவன் வாசனை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

கடுகு பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து, தம்பியின் தலையை நீளமாக முகர்ந்தாள்.

"சொல்லட்டுமாம்மா?"

"ம்."

"வெயில்ல காஞ்ச துண்டு மாதிரி இருக்கு. நடுவுல கொஞ்சம் பால். காதுக்குப் பின்னாடி..." மறுபடி முகர்ந்தாள். "புளிச்ச பால்."

அழுகைக்கு நடுவே அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்களை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

கடுகு மறுபடியும் குனிந்தாள்.