யோகக் காசு இரண்டு

பஸ்காலிஸ் மேஜைக்கு அடியில் செத்துக் கிடந்தார்.

முகம் நீலம். மீசையில் கேக் தூள். மூடிய வலது கைக்குள் ஒரு யோகக் காசு...

அவரைச் சுற்றி இடித்த புளி மாதிரி நின்றவர்கள் கையில் ஆளுக்கொரு சான்றிதழ்.

'முதலுதவிப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தவர்!'

இன்ஸ்பெக்டர் மெல்போ அதைப் படித்தாள். சிரிப்பு வரவில்லை. இப்போதெல்லாம் அவளுக்கு எதற்கும் எதுவும் வருவதில்லை.

கிரீஸின் கவாலா துறைமுகத்துக்கு மேலே, பழைய புகையிலைக் கிடங்கில் இயங்கும் தொழிற்பயிற்சி மையம் அது. பஸ்காலிஸ்தான் முதலாளி. பணம் அரசாங்கத்துடையது. அரசாங்கம் தெசலோனிக்கியில் ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்தது. கம்பெனி தனக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, வேலையைப் பஸ்காலிஸுக்கு சப்-கான்ட்ராக்ட் விட்டது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

"பக்கத்துல நின்னது யாரு?"

"நான்தான் மேடம்."

த்ராசோஸ். கிடங்கு மூடிய நாளிலிருந்து வேலை இல்லாதவன்.

"என்ன நடந்துச்சு?"

"சான்றிதழ் குடுக்கற விழாவோட வசிலோபிதா கேக்கும் வெட்டினாங்க. புது வருஷத்துக்கு."

"காசு யாருக்கு வந்துச்சு?"

"அவருக்குத்தான். கேக்குக்குள்ள ஒரே ஒரு காசு வப்பாங்க, கிடைக்கிறவருக்கு அந்த வருஷம் பூரா யோகம். அது வருஷா வருஷம் அவர் துண்டுலதான் வரும். எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டிச் சிரிச்சார். மீதித் துண்டை அப்படியே வாயில அமுக்கினார். அப்புறம்... தொண்டையப் பிடிச்சுக்கிட்டார்."

"நீ என்ன பண்ணின?"

"தண்ணி குடுத்தேன்."

"மூச்சு அடைச்சவனுக்குத் தண்ணியா? நீ பாஸ் பண்ணினவன்யா. தெரிஞ்சே ஊத்தியிருந்தா அதுக்குப் பேரு கொலை."

த்ராசோஸ் சான்றிதழை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"தெரியாது மேடம். வகுப்பே நடக்கல. வருவோம், கையெழுத்துப் போடுவோம், காபி குடிச்சுட்டுப் போவோம். அந்தப் பொம்மையப் பாருங்க."

மூலையில் பயிற்சிக்கான ரப்பர் பொம்மை... நைலான் உறைகூடப் பிரிக்கவில்லை. அதன் கழுத்தில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள்.

"நீ சொல்றது நிஜம்னு யார் சாட்சி?"

த்ராசோஸ் கடைசி பெஞ்சைக் காட்டினான். சாம்பல் நிறக் கோட்டில் ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உரானியாம்மா. பெரிய கம்பெனியிலிருந்து தரம் பாக்க வர்றவங்க. தரம் நல்லாயிருக்குன்னு அவங்கதான் எழுதியிருக்காங்க. அவங்க வாயத் திறந்தா நான் பிழைச்சேன்."

"இப்ப மட்டும் ஏன் அங்கேயே உக்காந்திருக்காங்க?"

"முன்னாடி வந்தாங்க மேடம். எல்லாம் ஆனப்புறம். அவர் கழுத்துல ரெண்டு விரலை வச்சுட்டு, முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போய் உக்காந்துட்டாங்க."

மெல்போ அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உண்மையச் சொன்னா உங்க வேலை போகும். சொல்லலன்னா அந்த ஆளு ஜெயிலுக்குப் போவான்."

"வகுப்பு நடக்கல. ஒருநாள்கூட. நான் எழுதினது பொய். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இத்தனை சுலபமாக வேலையைத் தூக்கிப் போடுகிறவளை மெல்போ பார்த்ததில்லை.

"உண்மைய எழுதினதே இல்லையா?"

"முதல் வருஷம் எழுதினேன். கம்பெனி அதைப் பஸ்காலிஸுக்கே அனுப்பி, சரி பண்ணுங்கன்னுச்சு. சரி பண்ணிட்டேன்னு அவர் பதில் போட்டார். தரம் உயர்ந்துடுச்சு."

பிணத்தின் மேல் குனிந்திருந்த போலீஸ் டாக்டர் நிமிர்ந்தார். இடுக்கி நுனியில் ஏதோ பளபளத்தது.

"தொண்டையில இருந்துச்சு இன்ஸ்பெக்டர்."

காசு... இரண்டாவது காசு!

"யாரோ வேணும்னே வச்சிருக்காங்க" என்று முணுமுணுத்த மெல்போ, பேக்கரிக்குப் போன் போட்டாள்.

"ரெண்டா?" பேக்கரிக்காரர் பதறினார். "நான் ஒண்ணுதான் வச்சேன் மேடம். ஒரு பாதாமைத் தலைகீழா பதிச்சு, அதுக்கு அடியில. பஸ்காலிஸ் எப்பவும் அப்படித்தான் கேப்பார். அந்தத் துண்டை அவரே எடுத்துக்குவார்."

"யோகத்துலயும் திருட்டா? கேக்கை வேற யார் தொட்டது?"

"என் அடுப்புல இடமில்ல. சுடறதை மட்டும் கொழுந்தியாகிட்ட விட்டேன். இருங்க, அவகிட்டயே தர்றேன்."

கொழுந்தியா வந்தாள்.

"பாதாம் தலைகீழா இருந்துச்சுங்க. மாமா அடையாளம் வச்சுட்டு காசை மறந்துட்டார் போலன்னு, நானும் அதுக்கு அடியிலயே ஒண்ணைச் சொருகிட்டேன். காசில்லாத வசிலோபிதா வீட்டுக்கு ஆகாதே..."

மெல்போ போனை வைத்தாள். கேக்கும் சப்-கான்ட்ராக்ட்!

"விபத்துதான். த்ராசோஸ், நீ வீட்டுக்குப் போ."

த்ராசோஸ் சான்றிதழை மேஜைமேல் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான். அவனுக்கு அழுகை வந்தது. கேஸ் முடிந்துவிட்டது.

மெல்போ கதவு வரை போய்விட்டாள்...

நின்றாள். திரும்பி வந்தாள்.

"உரானியா, செத்தவன் பக்கத்துல போற யாரும் மணிக்கட்டைப் பிடிப்பாங்க. இல்ல, மூக்குல விரல் வப்பாங்க. நீங்க கழுத்துல வச்சீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஆம்புலன்ஸ்ல. நர்ஸா இருந்தேன்."

"அப்ப இவரை உங்களால..."

"காப்பாத்தியிருக்கலாம். பின்னால நின்னு, வயித்தைக் கட்டிப் பிடிச்சு ஒரு அமுக்கு. காசு வெளிய விழுந்திருக்கும்."

மெல்போ இன்னும் நெருங்கி வந்தாள்.

"ஏன் எழுந்திருக்கல?"

"என் புருஷன் மினாஸுக்கு மீன் ஃபேக்டரி கேன்டீன்ல இப்படித்தான் ஆச்சு. ரொட்டித் துண்டு. பக்கத்துல ரெண்டு பேர் நின்னாங்க. இதே சான்றிதழ். தண்ணி குடுத்தாங்க."

உரானியா கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பயிற்சிக்கும் தரம் நல்லாயிருக்குன்னு நான்தான் எழுதியிருந்தேன். அன்னைக்கு அழுகை வரும்னு பாத்தேன். இன்னும் வரல."

"அதுக்காக ஒரு மனுஷன் சாகறதை உக்காந்து பாப்பீங்களா?"

"தரம் பாக்க வர்றவங்க எதுலயும் குறுக்க வரக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல சேர்க்கச் சொன்னது பஸ்காலிஸ்தான். நான் குறுக்க வரல."

மெல்போவுக்குப் பயமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

"கோர்ட்ல இதைச் சொல்லிப் பாருங்க. கிளம்புங்க. நோந்தாஸ், வண்டிய எடு."

வாசலில் நின்ற இளம் கான்ஸ்டபிள் விறைப்பாகச் சல்யூட் அடித்தான். உரானியா அவனைப் பார்த்தாள்.

"தம்பி, போலீஸ் வண்டி ஓட்ட எங்க பயிற்சி எடுத்த?"

"இங்கதான் மேடம். பஸ்காலிஸ் சார் மையத்துல. முதல் மார்க்!"

உரானியா ஜன்னலுக்கு வெளியே செங்குத்தாக இறங்கும் மலைப்பாதையைப் பார்த்தாள். பிறகு மெல்போவிடம் சொன்னாள்.

"ஸ்டேஷன் பக்கம்தானே இன்ஸ்பெக்டர்... நடந்தே போயிடலாமே."