ஏழாம் கட்டிலின் நூல்

மதிய வெயில் வார்டின் தரையில் நீளமாகக் கிடந்தது. மூன்று மணிக்கு ஏழாம் கட்டில் பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை. கத்தி பிடிக்கப் போகிறவள், பயிற்சி மருத்துவரான அவள்தான்.

அந்தக் கட்டிலின் கம்பியில் கறுப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது. வரிசையாக முடிச்சுகள்.

பயிற்சியில் இருப்பவர்கள் இப்படித்தான் கை பழகுவார்கள். நூறு முடிச்சு போட்டதாகக் குறிப்பேட்டில் இருந்தால்தான் ரத்தக்குழாயைக் கட்ட விடுவார்கள். போன மாதம் இதே கம்பியில் அவள் போட்டது நாற்பது. எழுதியது நூறு.

அப்போது இங்கே படுத்திருந்தவர் ஒரு தையல்காரர்.

"என்னம்மா, முடிச்சு நழுவுதே! என் கடையில உன்னை பட்டன் தைக்கக்கூட விடமாட்டேன்" என்று சிரிப்பார்.

சிகிச்சையில் அவர் வயிற்றுக்குள் அவள் போட்ட முடிச்சு அன்று மாலையே நழுவியது. ரத்தம் நிற்கவில்லை.

"சிஸ்டர், இதை யாரு கட்டினது?" இப்போது அவள் நூலைக் காட்டி நர்ஸிடம் கேட்டாள்.

"இப்பதானே கம்பியைத் துடைச்சேன் டாக்டர். ஒண்ணும் இல்லையே."

அவள் எண்ணினாள். நாற்பது. எல்லாம் தளர்ந்தவை. மிச்ச நூல் கட்டிலுக்கடியில் இருட்டுக்குள் போயிருந்தது. அங்கிருந்து இஸ்திரி போட்ட துணியின் சூடான வாசனை வந்தது.

அவிழ்க்கலாம் என்று தொட்டாள்.

மறுமுனை இழுபட்டது.

மெதுவாக. இறுகுகிறதா என்று பார்ப்பதுபோல.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?" என்றாள் கட்டிலில் இருந்த பெண். "கைக்குழந்தையை விட்டுட்டு வந்திருக்கேன்."

அவள் தலைமை மருத்துவரிடம் ஓடினாள். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், நான் நூறு போடலை. நாற்பதுதான். அந்தத் தையல்காரர் என்னாலதான்..."

"மெதுவாப் பேசு." அவர் குழாயை மூடவில்லை. "நானும் அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதினேன். ஊரெல்லாம் சொல்லிட்டா திரிஞ்சேன்? வா."

"வரமாட்டேன் சார்."

அவர் முறைத்துவிட்டுத் தானே உள்ளே போனார்.

அவள் காலியான கட்டிலருகே உட்கார்ந்து மிச்சம் அறுபதையும் போட்டாள். ஒவ்வொன்றையும் மறுமுனை இழுத்துப் பார்த்தது. நழுவியதை மறுபடி போட்டாள். விரல்கள் வெட்டுப்பட்டன. நூறாவது முடிச்சு நின்றது.

நூல் கையைவிட்டு நழுவிக் கட்டிலுக்கடியில் போனது. குனிந்து பார்த்தாள். வெறும் தரை.

தலைமை மருத்துவர் வெளியே வந்தார். "அந்தம்மா நல்லா இருக்காங்க. உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்."

சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் முதுகில், அங்கியின் நாடாவிலிருந்து கறுப்பு நூல் தொங்கியது. தளர்ந்த சில முடிச்சுகள். அதற்குப் பிறகு வெறும் நூல், நடைபாதை முழுக்க, அவளைக் கடந்து, பின்னாலிருந்த வளைவைத் தாண்டியும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தரையிலிருந்து எழும்பி, விறைத்தது.