பூருலின் கனம்

ஒமுராலி கிழவரின் கனம் சரியாக இல்லை.

முதல் நாள் தூக்கியபோதே ஜெக்ஷெனுக்கு அது தெரிந்துவிட்டது. வாதம் அடித்து வலப்பக்கம் முழுவதும் விழுந்து, கன்னம் ஒட்டி, விலா எலும்புகள் சட்டைக்கு மேலேயே தெரிகிற உடம்பு. அப்படிப்பட்ட ஆளை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறுகையால் விரிப்பை மாற்றிவிடுவான் அவன். அன்றைக்கு முழங்காலைக் கட்டிலில் ஊன்றித்தான் எழ முடிந்தது. பழைய இரும்புக் கட்டிலின் கம்பி வலை, கனம் விலகியதும் ஒரு தரம் கிரீச்சிட்டு மேலே வரும். அன்று இரண்டு தரம் கிரீச்சிட்டது. ஒருவர் எழுந்து, பின்னாலேயே இன்னொருவர் எழுந்ததுபோல.

இத்தனை வருடம் ஆட்களைத் தூக்கியே வயிறு கழுவியவனுக்குக் கனம் தப்பாது. குடித்தவன் ஒரு மாதிரி கனப்பான், செத்தவன் ஒரு மாதிரி. காய்ச்சல் குழந்தை கையிலேயே வழுகும். இது அதிலெல்லாம் சேரவில்லை.

"ஏ கிரேன், என்னடா மூச்சு வாங்குது?" என்றாள் சாய்ரா அக்கா. தலைமை நர்ஸ் அவள். அழுக்கு விரிப்பைச் சுருட்டிக்கொண்டே சிரித்தாள். "குதிரக்கறி அதிகமாப் போச்சா?"

"இவரு கனக்குறாருக்கா."

"பெரிய டாக்டரா இருந்தவரு. கௌரவம் கனக்காதா பின்ன?"

கிரேன் என்றுதான் அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில் அவனைக் கூப்பிடுவார்கள். வாசல்படி ஒவ்வொன்றிலும் குனிந்து போகிற உயரம். கடையில் விற்கிற வெள்ளைக் கோட்டு எதுவும் தோளில் ஏறாததால், கட்டில் விரிப்பு இரண்டைச் சேர்த்துத் தைத்துப் போட்டிருந்தான். நர்ஸ் படிப்பு முறையாகப் படித்தவன். நூல் மாதிரி இருக்கிற குழந்தையின் நரம்பிலும் வலிக்காமல் ஊசி ஏற்றுவான். ஆனால் ஊசி போட அவனை யாரும் கூப்பிடுவதில்லை. தூக்க வேண்டும், பிடித்து அமுக்க வேண்டும் என்றால்தான் அவன் பெயர் நடைவழியில் கேட்கும். இந்த ஊரில் எந்தத் தாயும் தன் பிள்ளையை அவன் கையில் கொடுக்க மாட்டாள்.

அதற்குக் காரணம் கட்டிலில் கிடந்த இந்தக் கிழவர்.

அப்போது ஒமுராலிதான் ஆஸ்பத்திரிக்குத் தலைமை. மலைமேல் குளிர்கால மேய்ச்சல் வீட்டில் ஜெக்ஷெனின் மனைவி பூருலுக்கு நிறைமாதத்தில் இரத்தம் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு இருந்தது ஒரே ஆம்புலன்ஸ். அது ஒமுராலியின் இறந்த தாயின் நினைவு விருந்துக்கு வெட்டிய குதிரைகளின் கறியை ஏற்றிவரப் போயிருந்தது. அனுப்பியவரும் அவர்தான். ஜெக்ஷென் பூருலைக் கம்பளத்தில் சுற்றிக் கையில் ஏந்தி, பனியில் இறங்கி நடந்தான். தயிர் தேய்த்து அலசிய ஈரக் கூந்தலோடு அவள் தலை அவனுடைய இடது தோளில் கிடந்தது. கம்பளத்துக்குள்ளிருந்து குழந்தை அவன் உள்ளங்கையில் உதைத்துக்கொண்டே வந்தது. வழியில் ஓரிடத்தில் உதைப்பது நின்றது. அதற்கப்புறம் பூருல் கனத்துப்போனாள்.

விருந்துக் கொழுப்பு உதட்டில் மினுமினுக்க வந்து பார்த்தார் ஒமுராலி. பிறகு பார்த்தது ஜெக்ஷெனின் கைகளை.

"காட்டெருமையாடா நீ? இந்தக் கையால இறுக்கிப் பிடிச்சா வயித்துக்குள்ள என்னடா மிஞ்சும்? கொன்னு தூக்கிட்டு வந்திருக்க."

நடை நிறைய ஆட்கள். எல்லாரும் அந்தக் கைகளையே பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் எங்கே போனது என்று சாய்ரா அக்காவுக்குத் தெரியும். அவளும் சுவரோரம் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்த ஒமுராலிக்குப் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது ஜெக்ஷெனின் வேலை.

நாள்பட நாள்பட கனம் கூடியது. ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூத்து, வெளிச்சம் பால்போலக் கசிகிற அந்த அறையில், நிலக்கரிப் புகையும் முதுகில் தேய்க்கிற கற்பூரச் சாராயமும் கலந்த நெடிக்கு அடியில், இன்னொரு வாசனை மெல்ல ஊறி வந்தது. தயிர் தேய்த்து அலசிய கூந்தல், ஈரம் காயாமல் குளிரில் விறைத்தால் வருகிற புளித்த வாசனை. ஜெக்ஷென் ஜன்னலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். கடைசியில் கிழவர்மேல் குனிந்து முகர்ந்தான். அவருடைய நெஞ்சிலிருந்துதான் வந்தது.

அன்று மாலை வலப்பக்கம் புரட்டுவதற்காக அவரைக் கையில் வாங்கியபோது, கனம் தானாக நகர்ந்து அவனுடைய இடது தோளில் சாய்ந்தது. கிழவரின் தலை வலப்புறம் தொங்கிக்கொண்டிருந்தது. இருந்தும் இடது தோளில் ஒரு தலை. உள்ளங்கைக்கு அடியில், கிழவரின் ஒட்டிய வயிற்றுக்கு மேலே காற்றில், ஏதோ சின்னதாக உதைத்தது.

கையை உதறவில்லை. அவன் கை யாரையும் கீழே போட்டது கிடையாது. மெல்லக் கிடத்திவிட்டு, நடைக்குப் போய், சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தான்.

பயம்தான். ஆனால் பயத்துக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் பனி கொட்டியது. மதியமே இருட்டி மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரைக் கிளப்பச் சாய்ரா அக்கா கொல்லைப்பக்கம் போனாள். அறையில் அவனும் கிழவரும்.

"தூ…க்கு," என்றார் ஒமுராலி. நாக்கு பாதிதான் புரண்டது. "நெஞ்சுல… உக்காந்திருக்கா."

"யாரு டாக்டர்?"

கிழவரின் நல்ல கண் அவனைப் பார்த்தது. "ஒனக்கே… தெரியும். அவள… எறக்கு."

முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்த்தி வைத்தால் மூச்சு விடுவார். பக்கவாட்டில் புரட்டினாலும் விடுவார். இந்தக் கைகளுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஜெக்ஷென் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். கைகளை மடியில் கோத்துக்கொண்டான்.

"தூக்க மாட்டேன் டாக்டர். என் கை முரட்டுக் கை. பிடிச்சா கொன்னுரும். நீங்கதான் சொன்னீங்க."

"டேய்… பொய்… நான் சொன்னது பொய்…"

"இதை அன்னிக்கு நடையில நின்னு சொல்லியிருக்கணும்."

கம்பி வலை முனகியது. கிழவர் கிடந்த இடத்துக்கு இருபுறமும், விரிப்பில், இரண்டு குழிகள் விழுந்தன. முழங்கால் ஊன்றிய குழிகள். ஆழமாயின. சட்டை நெஞ்சோடு ஒட்டியது. ஒட்டி, உள்ளே போனது.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழுத்து, பூருல்," என்றான்.

ஒரு விலா முறிந்தது. காய்ந்த சுள்ளி. இன்னொன்று. நல்ல கண் அவனையே பார்த்தது. பிறகு பார்க்கவில்லை.

வெளியே ஜெனரேட்டர் இருமிக் கிளம்பியது. விளக்கு வந்தது.

"போயிட்டாரா?" சாய்ரா அக்கா நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கிழவரின் கண்ணை மூடிவிட்டாள். "நல்லாத்தான் இருந்தாரு காலையில. சரி, தூக்கு."

ஜெக்ஷென் தூக்கினான். கிழவர் வைக்கோல்போல வந்தார். அப்படியொரு இலேசு. சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டான். உடலைப் பிணவறையில் கிடத்திவிட்டு, மெத்தையை எடுத்துப்போகத் திரும்பி வந்தான். மெத்தையை உருவினான்.

வெறும் கம்பி வலை. நடுவில் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மேலே வரவில்லை.

"பூருல்," என்றான் தாழ்ந்த குரலில். "முடிஞ்சுது. எழுந்து போ."

வலை அசைந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அந்தக் கட்டிலைக் காலியாக வைத்திருக்க அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். கால் உடைந்திருக்கிறது என்றான், செத்தவர் வாசனை போகட்டும் என்றான். ஆனால் குளிரில் ஊரே இருமிக்கொண்டிருந்தது. நடையில்கூட ஆட்கள் படுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பகலில், நுரையீரலில் சளி கட்டிய ஒரு சிறுமியை அவள் தாய் சுமந்து வந்தாள். சிறுமியின் பெயர் அய்சாடா.

"அக்கா, அந்தக் கட்டில் வேணாம்."

"அப்ப உன் தோள்ல படுக்க வைக்கட்டுமா? எடம் தாராளமா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே சாய்ரா அக்கா சிறுமியைக் கட்டிலில் கிடத்திவிட்டாள். அவசரமாக அடுத்த அறைக்குப் போனாள்.

சிறுமி கண்ணை அகல விரித்தாள். "அம்மா… கனமா இருக்கும்மா."

விரிப்பில் இரண்டு குழிகள்.

ஜெக்ஷென் கட்டில் பக்கம் குனிந்தான். "இது குழந்தை, பூருல். இதுக்கு ஒண்ணும் தெரியாது. விட்டுரு."

வலை முனகியது. சிறுமியின் உதடு நீலமானது. அவன் கைகளைக் கீழே நுழைத்துத் தூக்கினான். வரவில்லை. குதிரையையே தோளில் ஏற்றியிருக்கிற உடம்பு. அந்த எலும்புக் குஞ்சை அசைக்க முடியவில்லை.

தாய்க்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த மலைநாட்டில் பிள்ளை மூச்சுக்குத் திணறினால் எந்தத் தாயும் செய்வது. கட்டிலைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். "உன்னைச் சுத்துறேன், என் கண்ணே. உன் நோவு என்மேல வரட்டும். உன்னைச் சுத்துறேன்." முழுச் சுற்று வந்துவிட்டால் கட்டிலில் இருப்பது சுற்றியவளைப் பிடித்துக்கொள்ளும். கட்டிலில் எது இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அவள் கால்மாட்டைத் தாண்டியபோது குழிகள் திரும்பின. அவள் இருக்கிற பக்கமாகத் திரும்பின. அவளுடைய தோள், யாரோ கை வைத்ததுபோல, ஒருபுறம் சரிந்தது.

ஜெக்ஷென் பாய்ந்து அவளைப் பிடித்து இழுத்தான்.

"விடுறா! பொண்டாட்டியக் கொன்னவனே, தொடாத என்னை!"

அவளைச் சுவரோரம் நிறுத்தினான். கைத்தடம் படாமல், பூப்போல. பிறகு அவனே நடந்தான். தலைமாடு. ஜன்னல் பக்கம். கால்மாடு. பலகைத் தரை அவன் காலடியில் அலறியது.

"உன்னைச் சுத்துறேன்," என்றான். "என்மேல வா."

சுற்று முடிந்தது.

வலை கிரீச்சிட்டு மேலே வந்தது. சிறுமி வீறிட்டு அழுதாள். அழ மூச்சு இருந்தது. தாய் ஓடிப்போய் அவளை வாரிக்கொண்டாள். இவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் நடைக்கு வந்தான். கைகள் இரண்டும் முன்னால் மடங்கி ஏந்தியபடி. கையில் ஒன்றும் இல்லை. இடது தோளில் ஈரக் கூந்தல். கழுத்தைச் சுற்றிக் குளிர்ந்த ஒரு கை.

எங்கே இறக்குவது? நடை முழுக்க ஆட்கள். கட்டிலில் ஆட்கள், பெஞ்சில் ஆட்கள், தரையில் கம்பளம் விரித்து ஆட்கள். பனியில் கொண்டுபோய் வைத்தால்? இறக்கக் குனிந்தான். கழுத்தில் இருந்த கை இறுகியது. நிமிர்ந்தான். கோட்டின் தையல் தோளில் பிரிந்தது.

நடைக் கோடியிலிருந்து சாய்ரா அக்கா வந்தாள்.

அவன் காதில் மூச்சு பட்டது. பனி மூச்சு.

"இவளும் அன்னிக்கு அங்கதான நின்னா?"

பூருலின் குரல். அவன் கண் சாய்ரா அக்காமேல் இருந்தது. அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

"என்னடா கிரேன், வெறுங்கைய ஏந்திக்கிட்டு நிக்குற?" சாய்ரா அக்கா கிட்டே வந்துவிட்டாள். களைத்த முகத்தில் சிரிப்பு. "எந்த மலையத் தூக்கிட்டு வந்த?"

"கிட்ட வராதக்கா."

"மூஞ்சியப் பாரு, வேர்த்து ஊத்துது. எப்பவும் தனியாவே தூக்கினா இடுப்பு போயிரும்டா." விளையாட்டாக அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "குடு. ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்."

அவன் வாய் திறப்பதற்குள், அவனுடைய இடது தோள் இலேசானது.