பூசணிக்கு மூச்சு வாங்கிய வாரம்

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குக் கடையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி விற்றுக்கொண்டிருக்க வேண்டிய மனிதர், ஒரு ஜாடித் தண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டு லேப் அக்காவின் வாசலில் நின்றார். முகம் மூன்று நாள் மழையில் நனைந்த மாதிரி இருந்தது.

லேப் அக்கா முப்பது வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாடியில் எது காணாமல் போனாலும், எது கெட்டுப் போனாலும் வழக்கு அவரிடம்தான் போகும். அவருடைய கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். அக்கா ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் இவர் மூன்று பேரைக் குற்றவாளியாக்கி இறக்கிவிட்டுவிடுவார்.

“பூசணி பிழைக்காது போலிருக்குக்கா,” என்றார் கண்ணாடிக் கடைக்காரர். பூசணி என்பது அவர் மகள் வளர்க்கும் தங்கமீன். நிறமும் தொந்தியும் பெயருக்குப் பொருத்தம். “தினம் நாலு மணிக்கு வந்து பார்த்தா, மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ராத்திரி தேவலை. மறுநாள் திரும்பவும் அதே கதை. தண்ணி மாத்தினேன், உப்புப் போட்டேன், மருந்து ஊத்தினேன். பாப்பா முகாம் முடிஞ்சு அவ அம்மாவோட ஞாயித்துக்கிழமை வர்றா. வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம தொட்டிகிட்டத்தான் ஓடுவா.”

“எப்பலேருந்து?”

“திங்கக்கிழமைலேருந்து.” குரலைத் தாழ்த்தினார். “ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் எங்க அத்தை வந்தாங்க. வந்ததும் வராததுமா, ‘மீனுக்கு ஒரு தனி வீடா’ன்னு கேட்டாங்க.”

“மாமியார்தான்,” என்றார் கண்டக்டர், செருப்பை மாட்டிக்கொண்டே.

அக்கா ஜாடியை முகர்ந்தார். பரிசோதனைத் தாளைத் தோய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தண்ணியில கெடுதல் ஒண்ணுமில்லை. வாங்க, வீட்டைப் பார்ப்போம்.” கொடுத்த ஏணியைத் திருப்பிக் கேட்கும் சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

கூடத்து மூலையில் தொட்டி. அதை ஒட்டி ஒரு முக்காலி. சோபாவுக்குப் பின்னால், ஒரே சுவிட்சில் இயங்கும் எக்ஸ்டென்ஷன் பலகை. தண்ணீரில் காற்றைக் கலக்கும் மோட்டாரும், விளக்கின் டைமரும் அதில்தான் செருகியிருந்தன. பூசணி சோர்வாக, ஆனால் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது. சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனபோது தொட்டி விளக்கு பட்டென்று எரிந்தது.

“உச்சிப் பொழுதுல விளக்கா?” என்றார் அக்கா.

“அந்த டைமரும் சோம்பேறியாயிடுச்சு. காலையில ஆறு மணிக்கு எரியணும். நேத்து பத்தரைக்கு எரிஞ்சுது. வேற வாங்கணும்.”

“இந்த வாரம் கரண்ட் போச்சா?”

“ஒரு நிமிஷம்கூட இல்லை.”

சத்தம் கேட்டு மாமியார் வந்தார். “எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ராவும் பகலும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கிடக்கு. ஒரு பொட்டுக் கண்ணை மூடுதா? நான் அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கிறதில்லை.”

உள்ளறையிலிருந்து அவருடைய மகன், அதாவது கடைக்காரரின் மச்சான், போர்வையோடு எழுந்து வந்தான். பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை தூக்கம்.

கண்டக்டருக்குக் கண் பளபளத்தது. “ஏம்மா, கண்டுபிடிச்சுட்டேன். மோட்டார் சத்தத்துல தூக்கம் வரலை. இவன் அணைச்சுட்டான்.”

“பாதி சரிங்க,” என்றார் அக்கா. அந்த மனிதர் பாதிக்கே நெஞ்சை நிமிர்த்தினார். “எல்லாரும் உக்காருங்க. டைமர்ல இருக்கிற வட்டு, கரண்ட் இருந்தாத்தான் சுத்தும். பலகையை அணைச்சா அதுவும் நின்னுடும். எவ்வளவு நேரம் நின்னுதோ, அவ்வளவு நேரம் விளக்கு பிந்தும். நேத்து பத்தரை, இன்னிக்குப் பன்னிரண்டு. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். திங்கள்லேருந்து வியாழன் வரை நாலு நாள், மொத்தம் ஆறு மணி நேரம். கணக்கு நேரா நிக்குது. மோட்டாரும் அதே நேரம் நின்னிருக்கு. சின்னத் தொட்டி, குண்டு மீன். காத்துப் பத்தாம மேல வந்து மூச்சு வாங்கியிருக்கு.”

“அப்ப நான் சொன்னதுதானே?”

“இவர் எட்டு மணி நேரம் தூங்கறவர். சத்தம் பிடிக்கலைன்னா எட்டு மணி நேரமும் அணைச்சிருப்பார். ஒன்றரை மணி நேரம் தூங்கறவங்க இந்த வீட்டுல யாரு?”

மச்சான் கொட்டாவியை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான். “ரெண்டுலேருந்து மூன்றரை. இடி விழுந்தாலும் மாறாது.”

“அத்தை,” என்று ஆரம்பித்த மாப்பிள்ளையை அக்கா கையமர்த்தினார்.

“பொறுங்க. மீன் கண்ணை மூடறதில்லைன்னு அம்மா சொன்னாங்க. கிட்டப் போகாதவங்களுக்கு அது எப்படித் தெரியும்? அந்த முக்காலியில உக்காந்து மணிக்கணக்கா பார்த்திருக்காங்க. பிடிக்காத மீனை யாரு அப்படிப் பார்ப்பாங்க?”

மாமியார் முந்தானை நுனியைத் திருகினார். “வந்த அன்னிக்கே கேலி பண்ணிட்டேன். அப்புறம் எந்த வாயால ‘பிடிச்சிருக்கு’ன்னு சொல்றது? திங்கக்கிழமை பார்த்தா, அந்த மோட்டார் குடுகுடுன்னு தண்ணியைக் கலக்கிக்கிட்டே இருக்கு. பாவம், கண்ணே மூடலை. நாம மட்டும் மத்தியானம் தூங்கறோமே, அதுவும் கொஞ்சம் தூங்கட்டுமேன்னு அணைச்சேன். நான் எழுந்ததும் போட்டுடுவேன். மேல வந்து வாயைத் திறந்துதா, கொட்டாவி விடுதுன்னு நினைச்சேன்.”

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். முந்தின ராத்திரி மாமியாரை ஊருக்கு அனுப்ப ரயில் நேரம் பார்த்துவைத்தவர் அவர்.

“மீனுக்கு இமையே கிடையாதும்மா,” என்றார் அக்கா. “திறந்த கண்ணோடதான் தூங்கும்.”

“அடப் பாவமே. தூங்கிட்டிருந்ததையா மூச்சு முட்ட வெச்சேன்?” என்று மாமியார் தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறன்று குழந்தை செருப்போடு ஓடிவந்தபோது பூசணி தொந்தியை ஆட்டி ஆட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து முக்காலியில் பாட்டி காவல்.

பாட்டி இன்னும் ஊருக்குப் போகவில்லை. மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரை எங்கள் மாடியில் மிக்ஸி ஓடக் கூடாது, டிவி அலறக் கூடாது, கண்டக்டர் விசிலடிக்கக் கூடாது. மோட்டார் மட்டும் ஓடலாம், பூசணி தூங்குகிறதாம். அந்த ஒன்றரை மணி நேரமும் நாங்கள் குசுகுசுவென்றுதான் பேசிக்கொள்கிறோம். வம்பு பேச அதைவிடத் தோதான குரல் வேறு எது?