இறந்தவள் எழுதிய நன்றிக் கடிதம்

ஈஸ்வரி அந்த மாத இதழை மருந்துக்கடை மேசையில் விரித்தாள். பின்னட்டையில் சர்க்கரை நோய்ச் சூரண விளம்பரம். பச்சைப் பட்டுச்சேலையில் ஒரு பெண். "மூன்றே மாதத்தில் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டேன். நலமாக இருக்கிறேன். சோலையம்மாள், எம்.ரெட்டியபட்டி."

"எங்கம்மாங்கய்யா. இதைத் தின்னு ஊசிய நிறுத்துச்சு. மாசியில செத்துப்போச்சு."

கடை நடத்தும் ஜெகதீஸ்வரி இதழைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற சீனிச்சாமி பக்கத்து நாற்காலியில் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாதான் சூரணம் வாங்கிக் குடுத்தாரு, போட்டோவையும் வித்துட்டாருன்னு அண்ணன் ஊரெல்லாம் சொல்லுது. வீட்டுக்குள்ள விடல. ரெண்டு நாளா கிணத்து மேட்டுலயே உக்காந்திருக்காரு. எதுவும் பண்ணிக்கிருவாரோன்னு பயமா இருக்கு."

"உங்கப்பா என்ன சொல்றாரு?" என்றார் சீனிச்சாமி.

"வாயே திறக்கல."

"அப்ப அவருதான் சார்," என்றாள் ஜெகதீஸ்வரி.

"அதுக்குள்ள தீர்ப்பு எழுதிட்டியாம்மா? விக்டோரியா காலத்து லண்டன் பத்திரிகை நாலஞ்சு வச்சிருக்கேன். பக்கத்துக்குப் பக்கம் மாத்திரை விளம்பரம், பிழைச்சவுக கடிதம். எழுதுனவுக உசுரோட இருந்தாகளான்னு யாரும் தேடிப் போனதில்ல." ஈஸ்வரியிடம் திரும்பினார். "அம்மா போட்டோ எத்தனை இருந்துச்சு?"

"ஆதார் அட்டையில ஒண்ணுதான்."

"இந்தப் பட்டுச்சேலை?"

"அம்மாகிட்ட பட்டே கிடையாது."

சீனிச்சாமி ஜெகதீஸ்வரியைப் பஸ் நிலையச் சுவருக்கு அழைத்துப்போனார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றில் வேறு ஊர் ராக்கம்மாள். முகம் மட்டும் வேறு; அதே பச்சைப் பட்டு, தோளில் அதே மடிப்பு. அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது.

அச்சகத்து ஆனந்தகுமார் மறைக்கவில்லை. "ஆதார் அட்டையில மூஞ்சி மட்டுந்தான் சார் இருக்கும். சேலை நாங்க போட்டுவிடுவோம். சூரண விளம்பரமும் நான்தான் பண்றேன். ஒரு மூஞ்சி தேவைப்பட்டுச்சு. செத்தவுகதான, யாரு வந்து கேக்கப்போறாக?"

"சோலையம்மா போஸ்டர் அடிக்க வந்தது யாரு?"

"மகன் நாகராஜ். பக்கத்துலயே உக்காந்து, பச்சைதான் வேணும்னு நிறத்தையும் அவர்தான் சொன்னாரு. டவுன்ல ஒட்ட மட்டுந்தான் அடிச்சாரு, ஊருக்குக் கொண்டுபோகல."

சாயங்காலம் எம்.ரெட்டியபட்டிக் கிணற்று மேட்டில் ஈஸ்வரியின் அப்பா மொக்கையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஈஸ்வரி நாகராஜை அழைத்து வந்தாள்.

"தம்பி," என்றார் சீனிச்சாமி, "இந்தப் படம் உங்கம்மா இருந்தவரைக்கும் இல்ல. அவுக செத்த அன்னைக்கு, அச்சகத்துல, உன் கண்ணு முன்னால உண்டானது. உங்கப்பா வித்திருக்க முடியாது. அது எங்க இருந்து போச்சுன்னு பார்த்ததுமே உனக்குத் தெரியும். அச்சகத்துக்காரன் சட்டையப் பிடிச்சிருக்கணும். அப்பா மேல பழியப் போட்ட. போட்டோவக் கிளறுனா, சூரணத்த வாங்குனது யாருன்னும் கேப்பாகங்கிற பயம். அதான?"

நாகராஜ் அப்பாவுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தான்.

"ஊசி குத்த வயித்துல இடம் இல்லடான்னு அம்மா அழுதுச்சு. விளம்பரத்துல ஒரு பொம்பள, நல்லாயிருக்கேன்னு எழுதியிருந்துச்சு. நம்பிட்டேன்."

அந்த விளம்பரத்துப் பெண்ணாவது உயிரோடு இருந்தவளா என்று ஜெகதீஸ்வரி கேட்க நினைத்தாள்.

"அண்ணன்தான் வாங்குச்சுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமாப்பா?" என்றாள் ஈஸ்வரி.

மொக்கையன் மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பரண்ல இன்னும் மூணு சூரண டப்பா இருக்கு," என்றார். "யாருக்கும் குடுத்துராதீக."