காணாமல் போன ஐந்து நாள்

மார்ச் 10, செவ்வாய். பிற்பகல் 3.10.

"அஞ்சு நாளைத் திருடிட்டாக மேடம்."

இப்படியும் ஒரு புகாரா என்று சப்-இன்ஸ்பெக்டர் ஹேமாவதிக்குச் சிரிப்பு வந்தது. அனிதா மேரி நீட்டிய கடிதத்தைப் படித்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

நவம்பர் 20 அன்று குமுளிக்குப் போன ஜீப் கவிழ்ந்து, அனிதாவின் கணவன் வின்சென்ட் செத்துப்போனான். விபத்துக் காப்பீட்டுக்கு மனுக் கொடுக்கத் தொண்ணூறு நாள் கெடு. பிப்ரவரி 18-ல் முடிந்தது. மனு 23-ல்தான் வந்தது, ஆகவே தள்ளுபடி என்றது கம்பெனி. ஆட்சேபம் சொல்லக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி. அடேயப்பா, என்ன தாராளம்!

"கடைசி நாளு காலையிலயே குடுத்துட்டேன் மேடம். ரசீது புத்தகம் தீந்துபோச்சு, அப்புறம் வாங்கிக்கன்னாக. இது போச்சுன்னா எம்மக ஷெரின் நர்சிங் படிப்பை விட்டுட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குத்தான் போகணும்."

"ஜீப்புல ஏறு" என்றாள் ஹேமாவதி.

3.40. கம்பெனியின் கம்பம் கிளை. கிளார்க் வேல்பாண்டி மனுவை எடுத்துக் காட்டினான். 23-ஆம் தேதி சீல் பளிச்சென்று இருந்தது. ஒட்டியிருந்த படத்தில் அனிதா: அழுது வீங்கிய கண், நெற்றியில் சாம்பல் கீற்று, கழுத்தில் ஜெபமாலை, பின்னால் இதே ஆபீஸின் பச்சைச் சுவர்.

"படம் எடுத்தது யாரு?"

"நான்தான் மேடம். மனு வாங்குற அன்னைக்கே எடுத்து ஒட்டணும். அதான் ரூல்."

"இவுக எத்தனை தடவை வந்தாக?"

"ஒரே தடவை. 23, திங்கக்கிழமை. சாமி சத்தியமா."

"18-ஆம் தேதி நீ எங்க இருந்த?"

"மத்தியானம் வரைக்கும் இங்கனதான். அப்புறம் மச்சினன் கல்யாணத்துக்கு வருசநாடு போயி, 23 காலையில வந்தேன்."

4.05. ஹேமாவதியால் உட்கார முடியவில்லை. படத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு எதிரே நின்ற அனிதாவின் முகத்தைப் பார்த்தாள். செல்போனில் எதையோ தேடிவிட்டுத் திரும்பினாள்.

"வேல்பாண்டி, நீயும் நானும் தினமும் திருநீறு பூசுறவுக. அதனால இந்த நெத்தி உன் கண்ணுல உறுத்தல. எனக்கும்தான் முதல்ல உறுத்தல. ஆனா இவுக வேதக்காரவுக. வருசத்துல ஒரே ஒரு நாள், சாம்பல் புதனன்னைக்கு, சர்ச்சுல சாமியார் பூசிவிடுவாரு. இந்த வருசம் அது பிப்ரவரி 18. கோயில்ல இருந்து நேரா உங்கிட்டதான் வந்திருக்காக."

வேல்பாண்டி மேஜை டிராயரைக் காட்டினான்.

"கல்யாண அவசரத்துல மனுவை டிராயர்ல போட்டுட்டுக் கிளம்பிட்டேன் மேடம். வந்து பாத்தா கெடு முடிஞ்சிருச்சு. வேலை போயிரும்னு பயந்து, நான் திரும்பி வந்த அன்னைக்குத் தேதியவே குத்திட்டேன்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கிளை மேனேஜர் தன் கையாலேயே எழுதினார்: மனு வந்த நாள் பிப்ரவரி 18. கையெழுத்து விழுந்தபோது மணி 4.45.

அனிதா அந்தத் தாளைக்கூடப் பார்க்கவில்லை. வேல்பாண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஊரே எம்மேல பழி சொல்லுச்சு. நாந்தான் தேதியைக் கோட்டைவிட்டுட்டேனோன்னு நானே பாதி நம்பிட்டேன். அவரு கல்லறையில விழுந்து மன்னிப்புக் கேட்டேன்டா, பாவி."

அவள் வாசலைக் கைகாட்டினாள்.

"கெளம்பு. எங்க ஊரு காமயகவுண்டன்பட்டிக்கு பஸ்ஸு நிக்கிது. அவருகிட்ட நீயே வந்து சொல்லு."